சிஸ்டர் லீலாவதி கூடவே நடந்த தூரம்

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா திரு. நாராயணசாமி அவர்களே, சிஸ்டர் லீலாவதியின் அன்புக் கணவர் திரு. உடையப்பன் அவர்களே, மகள் மாதவி அவர்களே, அசாம் ஜாவா ஊரிலிருந்தும் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்து பின்வரிசையில் நிற்கும் தாதியர்களே, சிஸ்டர் "என் பிள்ளைங்க" என்று சொன்ன, இன்று மீசையும் தாலியுமாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் முகம்மது ஃபாரூக்கின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் வேலை செய்த அதே மருத்துவமனையில் நான் மருத்துவ உதவி அதிகாரி. அவர் பிள்ளைகளுக்கான ஹார்மோன் கிளினிக்கில் தலைமைத் தாதி. நான் பெரியவர்கள் கிளினிக்கில் முன்மேசைக்காரன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட நடைபாதை. மருந்தகத்தைத் தாண்டி, எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒரு திருப்பம் திரும்பினால் எங்கள் கதவு. நடந்தால் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் காணாமல் போனார்கள் என்று எங்களில் யாருக்காவது தெரியுமா? ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதே இல்லை. கேட்ட முதல் ஆள் சிஸ்டர் லீலாவதி.

சிஸ்டர் லீலாவதி அப்பளசாமி, ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா செம்பனை வெட்டியவர். முப்பத்து நான்கு வருடம் தாதியாக இருந்தார், அதில் இருபத்திரண்டு வருடம் அந்தப் பிள்ளைகள் கிளினிக்கில். அவருடைய பணிச் சான்றிதழ்களைப் பற்றி ஐயா நாராயணசாமி அழகாகச் சொன்னார். நான் வேறொன்று சொல்ல வந்திருக்கிறேன். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் சிஸ்டரின் பெருமையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முன்வரிசையில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் கோகிலன். நேற்று அவரிடம் கேட்டேன், "உன் கதையை மேடையில சொல்லலாமாப்பா?" என்று. அவர் சொன்ன பதில்: "சொல்லுங்க சார். பேரையும் சேத்துச் சொல்லுங்க லா. நான் என்ன திருடுனனா?" அவருடைய அனுமதியோடுதான் பேசுகிறேன்.

கோகிலனுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி வேலை செய்வதில்லை. பயறு அளவுதான் இருக்கும். ஆனால் உடம்பு வளர்வதற்கும், பருவம் வருவதற்கும், காய்ச்சல் வந்தால் தாங்கி எழுந்திருப்பதற்கும் அதுதான் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவு கோகிலன் உடம்பில் இல்லை. அதற்குப் பதிலாக மாத்திரை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வாழ்நாள் முழுக்க. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி. தவறினால் உயிர் போகும். தலை சுற்றலோடு, களைப்போடு, தூக்கம் போல வந்து போய்விடும்.

அந்த மாத்திரைகளைக் கோகிலனுக்குக் கொடுத்துவந்தவர் அவருடைய தாயார் நல்லம்மாள். இதோ, மகன் பக்கத்திலேயே இருக்கிறார். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு மூடியில் மாத்திரைகளை எடுத்துவைத்துவிட்டுப் போவார். பையன் முழுங்குவான். பெயர் தெரியாது, எதற்கென்று தெரியாது. சோதனைத் தேதியை ஞாபகம் வைத்துக்கொண்டது சிஸ்டர். முதல் நாள் போன் போட்டு "நாளைக்குக் கோகிலனக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னது சிஸ்டர். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது நல்லம்மாள். கோகிலன் நடுவில் உட்கார்ந்து சுவரில் வரைந்திருந்த மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வயது முடிந்தது. பதினெட்டு முடிந்தால் பிள்ளைகள் கிளினிக்கில் பார்க்க மாட்டார்கள். ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, தேதி போட்டு, இனிமேல் அந்தப் பக்கம் போ என்று சொல்வார்கள். அப்படித்தான் எல்லோரையும் அனுப்பினார்கள். அப்படித்தான் கோகிலனையும் அனுப்பினார்கள். பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் தனியாக எங்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

அன்றைக்கு எங்கள் கிளினிக்கில் எழுபது பேர். பெரும்பாலும் நீரிழிவுக்காரர்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். காலில் கட்டோடு சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். நான் தலை நிமிர்ந்தேன். எதிரில் பதிமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பையன் கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கடிதத்தைப் படிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "தம்பி, சின்னப் பிள்ளைங்க கிளினிக் அந்தப் பக்கம். அம்மா எங்க? அம்மாவைக் கூட்டிட்டு வா போ."

வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. பையன் தன் வயதைக் காட்டப் பையிலிருந்து ஐ.சி.யை, அடையாள அட்டையை எடுத்தார். பாதி எடுத்தவர், அந்தச் சிரிப்பைக் கேட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

எனக்கு அது மறந்துவிட்டது. அன்று மதியமே மறந்துவிட்டது. அதைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனிதனைத் துரத்திவிட்டு, அதை நினைவில்கூட வைத்துக்கொள்ளாமல் நான் சோறு சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை சிஸ்டர் என் மேசைக்கு வந்தார். அதற்கு முன்னால் எங்களுக்குள் பெரிய பழக்கம் இல்லை. நடைபாதையில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான்.

"ஃபாரூக், என் பையன் கோகிலன் இங்க வந்தானா?"

நான் கம்ப்யூட்டரில் பார்த்தேன். "வரல சிஸ்டர். முதல் தேதிக்கும் வரல, ரெண்டாந்தேதிக்கும் வரல. ஃபைல மூடியாச்சு. ரெண்டு தடவ வரலன்னா மூடிரணும், அதான் ரூல்."

"அவன் ஏன் வரலன்னு யாராவது போன் போட்டீங்களா?"

"எழுபது பேர் வராங்க சிஸ்டர் ஒரு நாளைக்கு."

அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் அவனுக்கு ரெண்டு மாச மாத்திரைதான் கொடுத்தனுப்பினேன். இப்ப மூணு மாசம் ஆச்சு. கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

கணக்குப் போட்டேன். ஒரு மாதமாக அவரிடம் மாத்திரை இல்லை.

"இன்னிக்கி எனக்கு ஆஃப். நான் அசாம் ஜாவா போறேன். நீயும் வா" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை இந்தப் பதினோரு வருடமும் நான் மறக்கவில்லை. "இப்ப அவன் என் பேஷண்ட் இல்ல ஃபாரூக். உன் பேஷண்ட்."

டாக்டரிடம் சொல்லி, அவசர ஊசி மருந்தையும் வாங்கிக்கொண்டு, என் காரில் புறப்பட்டோம். வீட்டில் நல்லம்மாள் மட்டும் இருந்தார். சிஸ்டரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "வாங்க மிஸ்ஸி. கோகிலன் ரவாங்குல ஃபேக்டரி வேலைக்குப் போய்ட்டான். அவங்க அஸ்ராமாவுல, அதான் ஹாஸ்டல்ல தங்கியிருக்கான். பெரியவங்க கிளினிக்குல பாத்துட்டாங்களாம், எல்லாம் நல்லா இருக்காம், இனிமே வரவேணாம்னு சொல்லிட்டாங்களாம்."

"அப்பிடியா சொன்னான்?"

"ஆமா மிஸ்ஸி. ஏன், அப்பிடி இல்லியா?" கொஞ்சம் யோசித்து, "காலைல போன்ல பேசுனான். ரெண்டு நாளா காய்ச்சலாம், வாந்தியாம். சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொன்னான். வார்த்தை குழறுச்சு, தூக்கத்துல பேசுறான்னு நெனச்சேன்" என்றார்.

சிஸ்டர் அவருடைய கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார். வழி முழுக்க நல்லம்மாள் கேட்டுக்கொண்டே வந்தார், சிஸ்டர் பொய் சொல்லாமலும் பயமுறுத்தாமலும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் வண்டி ஓட்டினேன். என் வாழ்க்கையில் ரவாங் அவ்வளவு தூரமாக இருந்ததே இல்லை.

அந்தத் தொழிற்சாலை விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கோகிலன் சுவரோரப் படுக்கையில் கிடந்தார். நண்பகல் வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, அவர் உடம்பு சில்லிட்டிருக்கிறது. நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிஸ்டர் தொடையில் ஊசி போட்டார். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். நல்லம்மாள் மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன் கோகிலன் கண்ணைத் திறந்தார். சிஸ்டரைப் பார்த்தார். "சாரி சிஸ்டர்" என்றார்.

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்து வார்டில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. சிஸ்டர் படுக்கையோரம் உட்கார்ந்து, "ஏன்டா போகல?" என்று கேட்டார். கோகிலன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "போனேன் சிஸ்டர். அம்மாவக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீட்டிய கடிதம், பாதி எடுத்த ஐ.சி., அந்தச் சிரிப்பு, எல்லாம் வந்தது.

"அது நான்தான் தம்பி. என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவர் சொன்னார்: "பரவால்ல சார். எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லை என்ற சொல்லைத் தாங்க முடியவில்லை. அறையில் மாத்திரை சாப்பிட்டால் கூட இருந்தவர்கள் என்ன வியாதி என்று கேட்பார்கள், அதனால் மூன்று வேளையை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, கடைசியில் தீர்ந்துபோனதும் விட்டுவிட்டார் அவர். புதிதாக வாங்க என் மேசைக்குத்தான் வர வேண்டும். என் மேசைக்கு வருவதைவிட மாத்திரை இல்லாமல் இருப்பது அவருக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது.

சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு நாள் தப்புப் பண்ணுன. நான் ஆறு வருசம் பண்ணுனேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "பன்னெண்டு வயசுல வந்தான். பதினெட்டு வரைக்கும் அவன நான் கைக்குழந்தையாவே வச்சிருந்தேன். ஒரு மாத்திரை பேருகூடச் சொல்லிக் குடுக்கல. அவன் வாயத் தொறக்க விடல. அப்புறம் ஒரு நாள் கடிதாசியக் குடுத்து, நீ பெரிய ஆளு போடான்னா, அவன் எப்பிடிப் போவான்?"

அன்பர்களே, அந்த இடத்தில்தான் சிஸ்டர் லீலாவதி பெரிய மனுஷி. தன் அன்பிலேயே ஒரு குறை இருந்ததைக் கண்டுபிடிக்க எத்தனை பேரால் முடியும்? கண்டுபிடித்த பிறகு அந்த அன்பையே மாற்றி அமைக்க எத்தனை பேரால் முடியும்? அவருக்கு வயது நாற்பத்தேழு. பதவி இருந்தது, பெயர் இருந்தது, பழகிய முறை இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டு டாக்டர்களிடமும் நடையாக நடந்தார். மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, இரண்டு கிளினிக்கும் சேர்ந்து, பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார். ஆள் இல்லை, அறை இல்லை என்றார்கள். துணிகளை அடுக்கிவைக்கும் ஓர் அறையைத் தானே காலி செய்தார். அலமாரியின் ஒரு பக்கத்தை நானும் பிடித்தேன்.

பதினான்கு வயதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் டாக்டரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அம்மா அப்பா வெளியே. தன் வியாதியின் பெயரை வாயால் சொல்ல வேண்டும். மருந்தகத்தில் தானே வரிசையில் நின்று மாத்திரையை வாங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய், விடுதியில் இருக்கும்போது வாந்தி வந்தால் யாரிடம் சொல்வாய், என்று சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

தாய்மார்கள் சும்மா விடவில்லை. ஒரு தாய் நடைபாதையிலேயே நின்று, "பெத்தவ நான் வெளிய நிக்கணும், நீங்க உள்ள போய்ப் பேசுவீங்களோ? எம்புள்ளைய என்கிட்டயிருந்து பிரிக்கிறீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டார். சிஸ்டர் அவரோடு அரை மணி நேரம் நின்றார். "பிரிக்கல அக்கா. நீங்களும் நானும் இல்லாத ஒரு நாள் வரும்ல, அன்னிக்கி அவ உயிரோட இருக்கணும்ல" என்றார். அந்தத் தாய் அழுதார். பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

உள்ளே போன அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. அவருடைய பெயரை நான் சொல்ல மாட்டேன். தனியாக விட்ட முதல் ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்குப் பிள்ளை பிறக்குமா?" நான்கு வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்து போயிருக்கிறார். அம்மா அழுவார் என்று கேட்கவில்லை. அம்மாவும், மகள் அழுவாள் என்று சொல்லவில்லை. டாக்டர் உண்மையைச் சொன்னார். எது கடினம், எதற்கு வழி இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். சிஸ்டர் அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பெண்ணே கதவைத் திறந்து, "அம்மா, உள்ள வாங்க, நானே சொல்றேன்" என்று கூப்பிட்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பதினெட்டு முடிந்ததும் என்ன செய்வார்? அந்த நான்கு நிமிட நடைபாதையில் பிள்ளையோடு சேர்ந்து நடந்து வருவார். முதல் முறை உள்ளே வந்து பக்கத்தில் உட்காருவார். "ஃபாரூக், இது யாருன்னு நீ அவங்ககிட்டயே கேளு" என்பார். இரண்டாம் முறை எங்கள் கதவுக்கு வெளியே நிற்பார். மூன்றாம் முறை வர மாட்டார். அந்த மூன்றாம் முறைதான் அவருக்குக் கஷ்டம். ஒரு தடவை அப்படிப்பட்ட நாளில் நான் அவருடைய கிளினிக்குக்குப் போனேன். தேநீர் போடும் சிறு அறையில் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று அழுதுகொண்டிருந்தார். "வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டார். "வந்துட்டா சிஸ்டர். தனியா வந்தா. நேரத்துக்கு வந்தா" என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடப் போனார்.

கோகிலனை அவர் விட்டுவிட்டாரா? இல்லை. கோகிலனுக்குப் பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். மருந்துகளின் பெயரைக் கோகிலன் ஆங்கிலத்தில் ஒப்பிப்பார், சிஸ்டர் தப்பு என்பார், மறுபடியும் ஒப்பிப்பார். பருவத்துக்கான ஊசியைத் தொடங்கினார்கள். குரல் உடைந்தது. ஒரு நாள் என் மேசைக்கு வந்து மேலுதட்டைத் தடவிக்காட்டி, "சார், இப்ப எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். அன்று நான் எழுந்து நின்று அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்று அவர் ரவாங்கில் அதே தொழிற்சாலையில் டெக்னீஷியன். கடைசி வியாழக்கிழமைகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, புதிதாக எங்கள் பக்கம் வரப்போகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறார். நாங்கள் பத்து தடவை சொல்வதை அவர் ஒரு தடவை சொன்னால் கேட்கிறார்கள்.

சிஸ்டர் ஓய்வு பெற்று ஒரு வருடத்தில் அந்த நோய் வந்தது. ஈரலில் தொடங்கி நான்கு மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. கடைசிக்கு முந்திய வாரம் நானும் கோகிலனும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மாதவிதான் தலையணையைத் தூக்கிவைத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தார். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி கோகிலனுக்கு: "காய்ச்சல்னா எத்தன?"

"ரெண்டு மடங்கு சிஸ்டர்."

"வாந்தின்னா?"

"ஊசி. பையிலயே இருக்கு." கோகிலன் பையைத் தொட்டுக்காட்டினார். பிறகு, "சிஸ்டர், இப்ப நீங்கதான் பேஷண்ட். நான் கேக்கிறேன். காலையில மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

சிஸ்டர் சிரித்தார். மாதவியைப் பார்த்து, "பாத்தியா இவன, என்னையே கேக்கிறான்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்வேன்? பெற்ற மகள் முன்னால், பெறாத மகனைப் பற்றி அப்படிப் பெருமைப்பட்டார். மாதவி, உங்கள் அம்மாவை இத்தனை பேரோடு நீங்கள் பங்குபோட்டுக்கொண்டீர்கள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. உங்களுக்கும் ஐயா உடையப்பனுக்கும் நாங்கள் எல்லோரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புறப்படும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்தார். "ஃபாரூக், யாராவது வரலன்னா..." என்றார். மூச்சு வாங்கியது. நான் முடித்தேன்: "அன்னிக்கே போன் போடுவேன் சிஸ்டர். போன் எடுக்கலன்னா வீட்டுக்குப் போவேன்." அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவையோர்களே, நான் அவர் படுக்கைக்கு முன்னால் சொன்னதை இப்போது உங்கள் முன்னால் சொல்கிறேன். ஓய்வுக்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அந்த மூன்று வருடமும் கடைசி வியாழக்கிழமை நடக்கும். அதற்குப் பிறகும் நடக்கும், ஏனென்றால் சிஸ்டர் இடத்துக்கு வந்திருக்கும் தாதி விஷாலினி இதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் நிற்கிறார். டாக்டர்கள் மாறிப் போகட்டும், அறை மாறிப் போகட்டும். எங்கள் மேசையிலிருந்து ஒரு பிள்ளையின் பெயர், ஏன் வரவில்லை என்று விசாரிக்காமல் இனி அழிக்கப்படாது. இது என் வார்த்தை. நான் தவறினால், இங்கே உட்கார்ந்திருக்கும் எந்தத் தாயும் வந்து என் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

சிஸ்டர் லீலாவதியின் ஆன்மா அமைதி கொள்ள உங்கள் முறைப்படி நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள். என் முறைப்படி நான் துவா கேட்கிறேன். ஆனால் அவருக்கு அமைதி எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஒரு பெண் பிள்ளை முதல் முறையாக எங்கள் பக்கம் வருகிறாள். பதினெட்டு வயது. பயமாக இருக்கிறதாம். அவளுடைய கடிதத்தை நேற்றே வாங்கி மூன்று முறை படித்துவிட்டேன். மேசையில் உட்கார்ந்து காத்திருக்கப் போவதில்லை. எட்டரை மணிக்கே பிள்ளைகள் கிளினிக் வாசலுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து அவளோடு நடந்து வருவேன்.